பொன்னுத்தங்கம் எழுதிய விண்ணப்பம்

பொன்னுத்தங்கத்துக்குப் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக ப்ரூஃப் பார்க்கிறாள். முந்நூற்று அறுபத்தைந்து தாள். ஒவ்வொரு தாளிலும் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் டிக் அடித்தால்தான் தமிழ்நாட்டுக்கே அமாவாசை வரும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒரே ஒரு வருடம், தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள் அவள் கண்ணைத் தாண்டிப் போய்விட்டது. அந்த ஒரு தாளைத் திரும்ப அடித்து ஒட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. அன்றிலிருந்து எதையும் மூன்று முறை படிக்காமல் கையை எடுப்பதில்லை.

அவளுக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்; ஆனால் பெயர்கள் பழையபடியே தொடர்ந்தன. அப்பா கோட்டைச்சாமி காட்டு வேலைக்குப் போனவர், கிணறுகள் வற்றிய பிறகு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையும் ஆபீஸ்தான், பட்டாசுத் தொழிற்சாலையும் ஆபீஸ்தான். பொன்னுத்தங்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே பத்தாவது முடித்தாள். ஒட்டுகிற லேபிளில் எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே அவளுக்கு உறுத்தும்.

கணவர் மாரிக்கண்ணன் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியபோது சர்ச் பதிவேட்டில் டேனியல் என்று எழுதினார்கள். அந்தப் பெயரால் அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை, பொன்னுத்தங்கம் உட்பட. வருடா வருடம் ஆடி கடைசி வெள்ளிக்கு அண்ணன் தம்பி குடும்பத்தையெல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவார். "வண்டி ஓட்டத்தான போறேன்" என்பார். திரும்பும்போது சாத்தூர் சேவு வாங்கி வருவார். அவளும் சாப்பிடுவாள். அந்த வீட்டில் இதுபற்றி ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

சென்ற வருடம் மே மாதம் அவர்களுடைய சி.எஸ்.ஐ. சபையின் ஐயருக்கு மாற்றல் வந்தது. இந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வார்கள். ஐயர் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய மறுவாரம் பேராயர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள பகுதியான சேகரத்தின் தேவைகளை விளக்கி ஜூலை முடிவுக்குள் சபைக் கமிட்டி ஒரு விண்ணப்பம் அனுப்பினால், அடுத்த குருவானவரை நியமிக்கும்போது அது கவனத்தில் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது.

நானூறு குடும்பம் உள்ள சபை. ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்து பார்த்தால் போதும், ஊரே தெரியும். முன் பெஞ்சுகளில் பிரஸ் முதலாளிகளும் கடைக்காரர்களும். அவர்களுக்குப் பின்னால் வாத்தியார்கள், பேங்க் வேலைக்காரர்கள். இடது பக்கம் முழுக்க ஆமத்தூரிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் பஸ்ஸில் வருகிற தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளிகள். கடைசி இரண்டு பெஞ்சில் ஜார்க்கண்டிலிருந்து பிரஸ் வேலைக்கு வந்த இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர். பாட்டு புரியாவிட்டாலும் எழுந்து நிற்பார்கள், உட்காருவார்கள். யாரும் யாருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. ஆனாலும் யாரும் இடம் மாறி உட்கார்ந்ததில்லை.

பொன்னுத்தங்கம் அந்த வருடம்தான் முதல் தடவையாகக் கமிட்டிக்கு வந்திருந்தாள். விண்ணப்பம் பற்றிப் பேசக் கூடிய கூட்டம் ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் சத்தமாகிவிட்டது.

செயலர் வேதமாணிக்கம் லேபிள் பிரஸ் வைத்திருப்பவர், அறுபது வயது. "படிச்ச ஐயரா கேப்போம். இங்கிலீஷ் பேசணும். புது மெஷின் ஜெபிச்சு ஆரம்பிக்கன்னு நாலு பெரிய மனுசரைக் கூப்பிட்டு நிக்கிறப்ப நமக்கு ஒரு மரியாதையா இருக்கணும்" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த சங்கிலிமுத்து பட்டாசு ஆபீஸ் ஒன்றில் போர்மேன். "மெஷினுக்கு ஐயர் வேணுமா, மனுசனுக்கு ஐயர் வேணுமா? எங்க சனம் எத்தனை மணிக்கு வேன் ஏறுது, எப்ப எறங்குதுன்னு தெரிஞ்ச ஆளா வேணும்" என்றார்.

"அப்படின்னா மத்தவுக எல்லாம் சபை இல்லையா?"

"அதத்தான் நானும் இத்தனை வருசமா கேக்கேன்."

பொன்னுத்தங்கம் குறுக்கே பேசினாள். "எல்லாரையும் கேட்டுட்டு எழுதலாமே."

"நானூறு குடும்பத்தையும் யாரும்மா போய்க் கேக்குறது?" என்றார் வேதமாணிக்கம்.

"நான் கேக்குறேன், ஐயா."

சண்டை நிற்க வேறு வழி இல்லாததால் இரண்டு பேரும் சரி என்றார்கள்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட மாதிரிகளைத் தொகுத்த காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால் அப்புறம் கம்பெனியில் ஆர்டர் குவிந்துவிடும், மூச்சு விட நேரம் இருக்காது. அதற்குள் முடிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை விட்டதும் மாரிக்கண்ணனின் டி.வி.எஸ்ஸில் ஏறிக்கொள்வாள். கையில் ஒரு நீள நோட்டு. தெருவுக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. மாரிக்கண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். "உள்ள வாங்க, இப்படி வாசல்லயே இருந்தா நல்லாவா இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு மாதத்தில் அவர் குடித்த காபிக்கு அளவில்லை.

வரப்போகிற ஐயர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரசங்கம் இருபது நிமிடத்தில் முடிய வேண்டும் என்றார் ஒருவர்; நாற்பது நிமிடமாவது வேண்டும், பஸ் சார்ஜ் கொடுத்து வருகிறோமே என்றார் இன்னொருவர். நன்றாகப் பாட வேண்டும். மைக்கில் கத்தக் கூடாது. காது கேட்காதவர்களுக்காகச் சத்தமாகப் பேச வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தர வேண்டும். பொன்னுத்தங்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

திருத்தங்கலில் பாண்டிலட்சுமி என்ற பெண், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்: "எங்க வீட்டு விசேசத்துக்கு வந்தா சாப்புட்டுட்டுப் போற ஐயரா வேணும், யக்கா. முந்தி இருந்தவக ரெண்டு பேரு ஜெபம் பண்ணுவாக, கலரு சோடா குடிப்பாக, கெளம்பிருவாக. எலை போட்டா வயிறு சரியில்லம்பாக. எங்க தெருவுக்கு வந்தா மட்டும் எப்படி வயிறு கெட்டுப்போகும்?"

அதே வாரம் ஊருக்குள் ஒரு பிரஸ் முதலாளியின் வீட்டுக்குப் போனாள். குளிர்ந்த அறை, பெரிய சோபா. முதலாளியின் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "சொன்னது வெளிய போகாத ஐயரா இருக்கணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. பொன்னுத்தங்கம் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பெயரும் வீடும் இல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் பிறகு நோட்டில் எழுதினாள்.

ஜார்க்கண்ட் இளைஞர்கள் எட்டுப் பேர் தங்கியிருந்த அறைக்கும் போனாள். அவர்களில் சுசீல் என்பவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். இரண்டு வருடமாகச் சர்ச்சுக்கு வருகிறவன். கேள்வியை மற்றவர்களுக்கு இந்தியில் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தன் பதிலாக, "அக்கா, ஐயர் எங்க பேரு கேக்கணும்" என்றான். அவனுடைய பெயர் பொன்னுத்தங்கத்துக்கே அன்றுதான் தெரியும்.

ஜூலை இரண்டாம் வாரம் பட்டியலில் மிச்சம் இருந்த வீடுகளில் ஒன்று ரிசர்வ் லைன் பக்கம் இருந்த இருளம்மாளின் வீடு. அதை அவள் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுவந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் இருளம்மாளின் மகள் இசைவாணி வேலை பார்த்த பட்டாசு ஆபீசில் விபத்து நடந்தது. இசைவாணிக்குக் கையிலும் தோளிலும் தீக்காயம். மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இசைவாணி சர்ச்சில் பாடகர் குழுவில் பாடியவள். இரண்டு ஞாயிறு அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். மூன்றாவது ஞாயிறு வேறு பெயர்கள் வந்துவிட்டன. பிழைத்து வீடு வந்த பிறகு தாயும் மகளும் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பொன்னுத்தங்கம் அப்போது மதுரைக்குப் போக நினைத்தது உண்மை. காலண்டர் ஆர்டர் குவிந்திருந்தது, ஓவர்டைம் இருந்தது, அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தாள். கடைசியில் போகவில்லை.

இருளம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பொன்னுத்தங்கத்தின் கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள். கோபமான சிரிப்பு இல்லை.

"ஐயருக என்ன செஞ்சாக, அவுகளைக் குத்தம் சொல்ல? அப்ப இருந்த ஐயரு ரெண்டு தடவை மதுரைக்கு வந்தாரு. பஸ் ஏறி வந்து, புள்ள பக்கத்துல உக்காந்து ஜெபிச்சுட்டுப் போனாரு. நாப்பத்தொரு நாளு கெடந்தோம் பொன்னு. பக்கத்துக் கட்டில்ல ஒரு புள்ளைக்கு அவுக தெருவே தெரண்டு வந்து நிக்கும். நான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். சபையிலருந்து ஒரு ஈ, காக்கா வரல."

பொன்னுத்தங்கம் நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

"நானும் வரலை" என்றாள்.

"ஆமா. நீயும் வரல" என்றாள் இருளம்மாள். பிறகு, "வர்ற ஐயரு எப்படி இருக்கணும்னு கேக்கியே, நாம எப்படி இருக்கோம்னு அவுகளுக்கு யாரு சொல்லுவா?" என்றாள்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இசைவாணி எழுந்து வந்தாள். வலது கை விரல்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைகள் டிசைன் செய்து கொடுக்கிறாள்; மவுஸ் பிடிக்க இடது கையைப் பழக்கிக்கொண்டாள். பொன்னுத்தங்கத்தின் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"யக்கா, இங்கன பாருங்க. பிரசங்கம்னு எழுதியிருக்கீக, ச-வைக் காணோம். பிரங்கம்னு நிக்குது."

"எங்க?" என்று பதறி வாங்கிப் பார்த்தாள் பொன்னுத்தங்கம். இருந்தது. ஐந்து இடத்தில் இருந்தது. இசைவாணி விழுந்து விழுந்து சிரித்தாள், இருளம்மாளும் சிரித்தாள். வாசலில் இருந்த மாரிக்கண்ணன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

கிளம்பும்போது, "உங்களைப் பத்தி எழுதலாமா?" என்று இசைவாணியிடம் கேட்டாள்.

"எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாம்" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்கப் பொன்னுத்தங்கம் வேலைக்குப் போகுமுன் காலையில் உட்கார்ந்து எழுதினாள். நோட்டில் இருந்த பதில்களை முதலில் வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிறகு இப்படி ஆரம்பித்தாள்: "எப்படிப்பட்ட குருவானவர் வேண்டும் என்று எங்களைக் கேட்டால் எங்களிடம் ஒரே பதில் இல்லை. அதனால் நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதுகிறோம். படித்துப் பார்த்துவிட்டு, வர மனதுள்ளவரை அனுப்பித் தாருங்கள்."

யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதினாள். எந்தத் தெருவில் ஐயர்கள் சாப்பிடாமல் வந்தார்கள் என்று எழுதினாள். கடைசிப் பெஞ்சில் இருப்பவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது என்று எழுதினாள். சொல்ல ஆள் இல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்கள் எல்லாப் பெஞ்சிலும் இருக்கிறார்கள் என்று எழுதினாள். நல்லதையும் விடவில்லை. மழை வந்து ஆமத்தூர்ப் பக்கம் கூரைகள் சரிந்தபோது முன் பெஞ்சுக்காரர்கள் இராத்தங்கலுக்குத் தங்கள் குடோன்களைத் திறந்துவிட்டதை எழுதினாள். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு எல்லாத் தெருவும் சேர்ந்து நடப்பதை எழுதினாள். பிறகு அந்தப் பத்தி: "மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சபைப் பெண் ஒருத்தி விபத்தில் காயப்பட்டு நாற்பத்தொரு நாள் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐயர் இரண்டு முறை போனார். நாங்கள் யாரும் போகவில்லை."

கமிட்டிக் கூட்டத்தில் வேதமாணிக்கம் அதை வாய்விட்டு வாசித்தார். கூரை பற்றிய இடத்தில் குரல் உயர்ந்தது. அந்தப் பத்தி வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது விண்ணப்பமா, பாவ அறிக்கையா? பேராயர் மேசைக்குப் போற காகிதம்மா இது. நம்ம வீட்டு அழுக்கை நாமளே கொண்டுபோய்க் காட்டணுமா?"

அவருக்கு எதிராக எப்போதும் பேசுகிற சங்கிலிமுத்து இந்தத் தடவை எதிர்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி, "பக்கத்து ஆபீஸ் புள்ளதான் அது. நான் போயிருக்கணும். போகல" என்றார்.

வேதமாணிக்கம் இறங்கி வந்தார். "சரி. இப்படி மாத்துவோம். 'சபையார் சிலர் போக இயலவில்லை.' சரிதான?"

பொன்னுத்தங்கம், "அது தப்பாயிரும், ஐயா" என்றாள்.

"என்ன தப்பு?"

"சிலர் போகலைன்னு போட்டா மத்தவுக போனாகன்னு அர்த்தம். யாரு போனா?"

வேதமாணிக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பத்தியை இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தைச் சங்கிலிமுத்துவிடம் தள்ளினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு பொன்னுத்தங்கத்திடம், "அந்தப் பிள்ளை வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து பேர் போனார்கள். வீட்டில் அத்தனை நாற்காலி இல்லாததால் வேதமாணிக்கம் கட்டிலில் உட்கார்ந்தார். பேசத் தெரியாமல் தவித்தார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பத்திரிகை டிசைன் பாதியில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. "இந்த எழுத்து நல்லா இருக்கே, அடிக்கும்போது இந்தச் சுழியில மை அடைஞ்சுக்கிடாதா?" என்று கேட்டார். அடையாது என்றாள் இசைவாணி. அடையும் என்றார் இவர். அரை மணி நேரம் இரண்டு பேரும் எழுத்துருக்களைப் பற்றியே பேசினார்கள். எழுந்திருக்கும்போது அவர், "நம்ம பிரஸ்ஸுக்கு லேபிள் டிசைன் கொஞ்சம் இருக்கு, பண்ணித் தாரியா?" என்றார்.

இசைவாணி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வேலை குடுக்கன்னா நாளைக்கு வாங்க, ஐயா. இன்னிக்கு எங்களைப் பாக்க வந்ததா இருக்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் வேதமாணிக்கம். சொன்னபடி மறுநாள் தனியாக வந்தார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆடிப்பெருக்கு முடிந்து ஆல்பங்கள் வெளியே போயின. ஆர்டர் வந்து குவிந்தது. தீபாவளி சீசனில் வேன்கள் இருட்டோடு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. பக்கத்துச் சேகரத்து ஐயர் மாதம் இரண்டு ஞாயிறு வந்து திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுத்துவிட்டு ஓடினார். மற்ற ஞாயிறுகளில் ஆளுக்கொரு வாரம் வேதம் வாசித்தார்கள். சங்கிலிமுத்து ஒருமுறை பிரசங்கம் செய்தார். நாலு நிமிடத்தில் முடிந்தது, எல்லோருக்கும் பிடித்திருந்தது. கிறிஸ்துமஸும் ஐயர் இல்லாமலே வந்து போனது.

ஜனவரி முதல் வாரம் பொன்னுத்தங்கம் கம்பெனியில் இருந்தபோது வேதமாணிக்கத்திடமிருந்து போன் வந்தது. "ஐயர் போட்டாச்சு. அருள்திரு அருணாதேவி. பொம்பள ஐயர்" என்றார். மூச்சு வாங்கியது. "உங்க நோட்டை எடுத்துப் பாருங்க. பொம்பள ஐயர் வேணும்னு யாராவது சொன்னாகளா?"

"இல்ல, ஐயா."

"வேண்டாம்னு?"

பொன்னுத்தங்கத்துக்கு நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "அதும் இல்ல. யாருக்கும் அந்த நெனப்பே வரல" என்றாள்.

அருணாதேவி வந்து இறங்கியபோது ஐம்பது வயதைத் தொட்டிருந்தார். கட்டையான உருவம், கரகரத்த குரல். அருப்புக்கோட்டைக்காரர். இருபது வருடம் விடுதிகளிலும் சிறிய கிராமச் சபைகளிலும் இருந்தவர். அவர் கணவர் விருதுநகர் பஸ் டிப்போவில் மெக்கானிக். முதல் நாளே சபைக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. ஐயரம்மா என்றால் ஐயரின் மனைவி. அப்படியானால் இவரை என்ன சொல்வது? இவருடைய வீட்டுக்காரரை என்ன சொல்வது? அதைச் சங்கிலிமுத்துதான் தீர்த்து வைத்தார். "ஐயர் வந்தாக, ஐயர் சொன்னாக, ஐயர் சாப்புட்டாக. நம்ம பேச்சுல ஆம்பளைக்கும் அதான், பொம்பளைக்கும் அதான். அப்புறம் என்ன?" அத்தோடு ஐயர் என்பதே நிலைத்தது. கணவரை மெக்கானிக் சார் என்கிறார்கள்.

முதல் கமிட்டிக் கூட்டத்தில் ஐயர் ஒரு உறையிலிருந்து பொன்னுத்தங்கத்தின் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேராயர் எங்க குருவானவர்கள் கூட்டத்துல இதை வாசிச்சாங்க. எல்லாச் சபையும் எங்களுக்கு இப்படிப்பட்ட ஆள் வேணும்னு எழுதும். அப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை, நானும் அப்படி இல்லை. இதை வாசிச்சப்ப இங்க போனா பொய் சொல்ல வேண்டியிருக்காதுன்னு தோணுச்சு. என்னை அனுப்புங்கன்னு கேட்டேன்" என்றார். பிறகு, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

வேதமாணிக்கம் பொன்னுத்தங்கத்தைக் காட்டினார். காட்டிவிட்டு, "ஆனா கையெழுத்து எங்க எல்லாருதும்" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பெண் நின்று திருவிருந்து கொடுப்பதைப் பார்க்க முடியாது என்று ஒரு குடும்பம் வேறு சர்ச்சுக்குப் போய்விட்டது. ஐயருக்குப் பாட்டு சுத்தமாக வராது. பாடகர் குழு ஒரு கட்டை மேலே போனால் அவர் இரண்டு கட்டை கீழே போவார். பாண்டிலட்சுமியின் அக்கா மகள் சடங்கு வீட்டில் ஐயர் இலையில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கியது மட்டும் திருத்தங்கல் முழுக்கப் பரவியிருந்தது. இருளம்மாள் சில ஞாயிறுகளில் வருகிறாள், சில ஞாயிறுகளில் வருவதில்லை. இசைவாணி இன்னும் வரவில்லை. ஐயர் அவளைப் பார்க்கப் போனால் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறாள். சர்ச்சுக்கு எப்போது என்று ஐயரும் கேட்பதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்தால் சபையிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறுவதற்கு மட்டும் இப்போது முறை வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை எழுதுவதும் சரிபார்ப்பதும் பொன்னுத்தங்கம்.

இந்த வருடம் ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிறு, சாயங்கால ஆராதனை. புது ஐயர் வந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் அதை ஜார்க்கண்ட்காரர்கள் இந்தியில் நடத்துகிறார்கள். கம்பெனியில் ஆல்பம் வேலை முடிந்து, ஆர்டர் இன்னும் குவிய ஆரம்பிக்காததால் பொன்னுத்தங்கம் முதல் தடவையாக அதற்குப் போனாள். முப்பது பேர் இருந்தார்கள். சுசீல் வாசித்தான், இன்னொருவன் டோலக்கு அடித்தான். ஐயர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தப்புத் தாளத்தில் கை தட்டிக்கொண்டிருந்தார். பொன்னுத்தங்கத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இதமாக இருந்தது.

வெளியே மாரிக்கண்ணன் வண்டியோடு நின்றார்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டார்.

"தெரியல. ஆனா நல்லா இருந்துச்சு."

"பசிக்குதா?"

"லேசா."

"விருதுநகர் போவமா? எண்ணெய்ப் புரோட்டா சாப்புட்டு எம்புட்டு நாளாச்சு."

"அம்புட்டுத் தூரமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டி ஆமத்தூர் வழியாகப் போனது.